பச்சத்தண்ணியின் வெந்நீர்ப் பட்டறை

என் அக்காவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லி எங்கள் தெருவில் விசாரித்தால் ஒருத்தருக்கும் வீடு தெரியாது. ‘பச்சத்தண்ணி வீடு எது?’ என்று கேட்டால் தெருநாய்கூட வழிகாட்டும். முப்பத்து நாலு வருஷம் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்த்தவள். கம்பளிப் போர்வைகள் முழுக்க அவள் பொறுப்பு. கம்பளியைச் சூடான தண்ணீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கிப் பாழாகிவிடும் என்பதால், புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொருத்தியின் முதுகுக்குப் பின்னாலும் நின்று, “பச்சத்தண்ணி! பச்சத்தண்ணி! கசக்காத, முறுக்காத, படுக்கப்போட்டுக் காயவை!” என்று கத்துவாள். பெயர் ஒட்டிக்கொண்டது. இவள் கையில் ஒரு போர்வைகூட ஒரு விரற்கடை சுருங்கியதில்லை என்று ஓய்வுபெற்ற அன்றைக்குப் பெரிய டாக்டரே மைக்கில் சொன்னார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று நினைத்தேன். அது அடக்கமில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். கல்யாணம் அவளுக்கும் ஆகவில்லை, எனக்கும் ஆகவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், அவளுக்குக் கை சும்மா இருக்காது, எனக்கு வாய் சும்மா இருக்காது, எந்த மாப்பிள்ளை தாங்குவான் என்று சொல்லிவிடுவேன். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் இருந்தவள் நான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவனுக்குக் கேட்க வேண்டும் என்று கத்திக் கத்தியே குரல் அப்படி ஆகிவிட்டது. இதை என் எதிரிகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பிறக்கும்போதே அப்படித்தான் என்பார்கள்.

ஓய்வுபெற்ற முதல் இரண்டு மாதம் அக்கா வீட்டையே துவைத்துப் போட்டாள். ஜன்னல் திரையை வாரத்துக்கு மூன்று தடவை அலசியதில் அதிலிருந்த பூவெல்லாம் வெளுத்துப்போனது. நான் டீ குடித்து முடிப்பதற்குள் டம்ளரைப் பிடுங்கிக் கழுவினாள். சண்டை போட்டேன். மூன்றாவது மாதம் அவளாகவே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கை இரண்டும் மடியில் கிடந்தன. “என்னக்கா பண்ணுது?” என்றால், “ஒண்ணுமில்லடி, உக்காந்திருக்கேன்” என்பாள். சாயங்காலம் வரைக்கும் அதே இடம். திட்டுவதற்குக்கூட மனசு வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படி இருந்தவளைக் கிளப்பிவிட்டது ஆடுதான். டவுனுக்கு வெளியே ஆடு மேய்ப்பவர்கள், கத்தரித்த கம்பளியை வாங்க ஆளில்லை என்று குழிவெட்டிப் புதைக்கிறார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டாள். மறுநாளே பஸ் ஏறிப் போனாள். நாலு மூட்டையோடு வந்து இறங்கினாள்.

“நல்ல கம்பளியடி. மண்ணுக்குள்ள போட்டு மூடுறானுங்க. பாவமில்ல?”

“பாவந்தான். அதுக்காக ஆட்டுப் பட்டிய இங்க தூக்கிட்டு வரணுமா?” வீடு முழுக்க நனைந்த ஆட்டு வாடை.

வாரச்சந்தைக்குத் தொப்பி செய்கிற ஒருத்தர் வருவார். நெசவும் கிடையாது, பின்னலும் கிடையாது. வாரிய கம்பளியை மெல்லிசாகக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குவார். வெந்நீரும் சோப்பும் தெளித்துத் தேய்ப்பார். அப்புறம் பாயில் சுருட்டி உருட்டோ உருட்டு என்று உருட்டுவார். மயிரோடு மயிர் பின்னிக்கொண்டு கெட்டித் துணியாகிவிடும். ஃபெல்ட் என்பார்கள். அக்கா மூன்று மணி நேரம் அவர் பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு வந்தாள். கண்ணில் பழைய வெளிச்சம். “எல்லாரும் வந்து செய்யற மாதிரி ஒரு எடம் வேணுமடி. இவ்வளவு கம்பளி எனக்கு ஒருத்திக்கு எதுக்கு?” என்றாள். இடத்தை நான் பிடித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவளை அந்த ஜன்னலோரத்திலிருந்து எழுப்பிவிட்டால் போதும் என்று இருந்தது எனக்கு.

சமூகக்கூடத்துக்குப் பின்னால், பந்து விளையாடுகிறவர்கள் குளிப்பதற்காக முன்பு கட்டிய அறை ஒன்று சும்மா கிடந்தது. கூடத்துச் செயலாளர், ஒரு கையெழுத்துக்கு நாலு பைல் திறப்பவர், உடைந்த நாற்காலிகளை அடுக்குவதற்கு அதன்மேல் ஒரு கண் வைத்திருந்தார். நான் போய் நின்று பேசிய பேச்சில் மூன்று மாதத்துக்குத் தருவதாக ஒத்துக்கொண்டார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்.

“பிள்ளைங்க நூலக அறையில தரை ஜில்லுன்னு இருக்கு. பாவம், பிஞ்சுக் கால். ஆண்டு விழாவுக்குள்ள அதுக்கு ஒரு கம்பளி விரிப்பு செஞ்சு காட்டுங்க. அறை உங்களுக்கே. இல்லேன்னா நாற்காலிய அடுக்கிருவோம்.”

பிஞ்சுக் காலாம்! ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஆனாலும் சரி என்றோம்.

அறையைத் தயார் பண்ணியதில் அக்காவின் முப்பத்து நாலு வருஷமும் தெரிந்தது. மேசை இடுப்புக்கு நாலு விரல் கீழே இருக்க வேண்டும், அப்போதுதான் தோளால் அழுத்த வரும், இல்லாவிட்டால் இடுப்பு போய்விடும் என்று தச்சரை மூன்று தடவை மேசைக் காலை அறுக்க வைத்தாள். மேசைமேல் தகரம், ஓரத்தில் தண்ணீர் வழியாமல் ஒரு மடிப்பு, ஒரு மூலைக்குச் சரிவு, அதற்குக் கீழே வாளி. சாக்கடை வாயில் கம்பி வலைக்கூடை. “மசுரு உள்ள போச்சுன்னா நாளைக்குத் தெருவே நம்ம வாசல்ல வந்து நிக்கும்” என்றாள். குழாய்க்காரர் உருட்டுவதற்கு மிச்சக் குழாய்த் துண்டுகள் கொடுத்தார். பழைய மூங்கில் திரைகள் உருட்டுப் பாயாயின. கம்பளி வாரும் சீப்பு வருவதற்குத் தாமதமானதால் கொஞ்ச நாள் நாய் வாரும் சீப்பை வைத்தே ஒப்பேற்றினோம். வீட்டுக்கு வீடு தேய்ந்துபோன சோப்புத் துண்டுகளைக் கேட்டு வாங்கி, ஒரு அண்டாவில் கரைத்துக் கூழாக்கி வைத்தாள். வெந்நீர்க் கொதிகலன் ஏற்கெனவே இருந்தது. மின்சாரக்காரர் வந்து உயிர் கொடுத்தார். கதவில் ஒரு பலகை: ‘யார் வேண்டுமானாலும் வரலாம். துண்டு மட்டும் சொந்தமாகக் கொண்டுவரவும்.’ வாசலில் ஒரு நோட்டோடு நான். வருகிறவர்கள் பெயரை எழுதும் உத்தியோகம்.

அக்காவோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐந்து பேர் முதல் நாளே வந்துவிட்டார்கள். அவர்களில் பெரியவள் கஞ்சியக்கா. முப்பது வருஷம் துணிக்குக் கஞ்சி போட்டவள், அவளே கஞ்சி போட்ட மாதிரி விறைப்பாகத்தான் நடப்பாள். அப்புறம் தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்து, தேய்க்கக் காட்டிக் கொடுத்தது அக்காவும் அந்த ஐந்து பேரும்தான். செருப்புத் தைப்பவர் செருப்புக்குள் வைக்கிற அட்டை செய்தார். பஸ் டிரைவர் உட்காருவதற்கு ஒரு மெத்தை செய்தார். சிரிப்புக்கும் பேச்சுக்கும் குறைவில்லை. குறை என்னவென்றால், செய்தது எதுவும் நிற்கவில்லை. அட்டை ரெண்டே நாளில் பஞ்சாகப் பிரிந்தது. டிரைவர் மெத்தையைவிட்டு எழுந்தபோது பாதி மெத்தை அவரோடு எழுந்து வந்தது. ஆடு சரியில்லை என்றாள் ஒருத்தி. சோப்பு சரியில்லை என்றாள் இன்னொருத்தி. குளிர் அதிகம் என்று வானத்தின் மேலும் பழி போட்டார்கள்.

ஆண்டு விழாவுக்கு எட்டு நாள் இருக்கும்போது சலவைக்காரிகள் ஆறு பேரும் விரிப்பை எடுத்தார்கள். நூலக அறையை அளந்து, அதே அளவுக்கு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, நாலு அடுக்குக் கம்பளி அடுக்கினார்கள். இரண்டு நாள் தெளித்தார்கள், தேய்த்தார்கள், உருட்டினார்கள். மூன்றாம் நாள் காலையில் ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார்கள். ஓரம் மட்டும் கையோடு வந்தது. நடுப்பகுதி மேசையிலேயே கிடந்தது.

அக்கா கையிலிருந்த ஈரக் கம்பளியைப் பார்த்தாள். “நாற்காலிய அடுக்கச் சொல்லிரு” என்று சொல்லிவிட்டு ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்தாள். அங்கேயும் ஒரு ஜன்னல் இருந்து தொலைத்தது. மடியில் இரண்டு கை. அந்தக் கோலத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

“எழுந்திரு. என் கண் முன்னாடி மறுபடி செய். சின்னதா ஒண்ணு போதும்.”

அதுவரை வாசலை விட்டு நகராத நான் நோட்டை மூடிவிட்டு மேசை பக்கத்தில் போய் நின்றேன். என் வாழ்நாளில் நான் ஒழுங்காக எதையும் துவைத்ததில்லை. அதனால்தானோ என்னவோ, அவர்கள் கண்ணில் படாதது என் கண்ணில் பட்டது. கஞ்சியக்கா கொதிகலனிலிருந்து வாளியில் வெந்நீர் பிடித்தாள். பிடித்த கையோடு இன்னொரு கை பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தது. வாளி அடுத்தவளிடம் போனது. அவள் முழங்கையை விட்டுப் பார்த்து இன்னும் ரெண்டு செம்பு விட்டாள். மேசைக்கு வருவதற்குள் அக்காவும் தன் பங்குக்கு ஒரு செம்பு. அப்புறம் ஆறு பேரும் பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி கம்பளியைத் தடவிக் கொடுத்தார்கள்.

“நிறுத்துங்க எல்லாரும்!” என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்கும் குரல் அது. “அக்கா, உன் கை எங்க இருக்கு பாரு.”

அவள் கை பச்சைத்தண்ணீர்க் குழாயின்மேல் இருந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டவள் மாதிரி எடுத்துக்கொண்டாள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். முப்பத்து நாலு வருஷமாகக் கம்பளி சுருங்கிவிடக் கூடாது என்று காவல் காத்த கைகள். சுருங்க வைப்பதுதான் இங்கே வேலை என்று தலைக்குத் தெரியும். கைக்கு யாரும் சொல்லவில்லை. அளவைக்கூட அறைக்குச் சரியாகத்தான் எடுத்திருந்தார்கள். சுருங்கும் என்று ஒருத்தி மனசு துணிந்தால்தானே பெரிதாகப் போடத் தோன்றும்?

கஞ்சியக்காதான் முதலில் சிரித்தாள். ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “எவ்வளவு சூடு, எவ்வளவு அடி, எவ்வளவு சுருங்கும்னு எனக்குத் தெரியும். ஒரு தடவ பண்ணிருக்கேன்” என்றாள். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கால் மணி நேரத்தில் ஒரு பொட்டலத்தோடு வந்து மேசைமேல் வைத்துப் பிரித்தாள்.

உள்ளே ஒரு ஸ்வெட்டர். மாதுளை நிறம். பொம்மைக்குப் போடலாம், அவ்வளவுதான் அளவு. கையில் எடுத்தேன். பலகை மாதிரி கெட்டி. ஒரு இழையைக்கூடப் பிரிக்க முடியவில்லை. மூன்றாவது பொத்தான் மட்டும் வேறு நிறம். அந்தப் பொத்தானைத் தைத்தது நான்.

என் வாழ்க்கையில் நான் பின்னியது ஒரே ஒரு ஸ்வெட்டர். ஐந்து மாதம் பின்னினேன், டிக்கெட் கவுண்டரில் முதல் நாள் போட்டுக்கொண்டு உட்காருவதற்காக. அதற்கு முந்தின வாரம் அது காணாமல் போனது. கொடியில் காயப்போட்டதாகவும் வந்து பார்த்தால் இல்லை என்றும் அக்கா சொன்னாள். அடுத்த வாரமே எதிர்வீட்டு ரொட்டிக்காரம்மா மாதுளை நிறத்தில் ஒரு சால்வை போர்த்திக்கொண்டு வெளியே வந்தாள். என் ஸ்வெட்டரைப் பிரித்துப் பின்னிவிட்டாள் என்று முடிவுகட்டி, நடுத்தெருவில் நின்று “கம்பளிக் கள்ளி!” என்று கத்தினேன். அன்றோடு விடவில்லை. முப்பத்து நாலு வருஷம் அந்த அம்மாள் முகத்தை நான் பார்த்ததில்லை. வாசலைக் கூட்டும்போது குப்பையை அந்தப் பக்கமாகத்தான் தள்ளுவேன்.

“நீ மொத நாள் வேலைக்குப் போறப்ப பளிச்சுனு இருக்கட்டும்னு ஆஸ்பத்திரி மெஷின்ல போட்டேன்டி” என்றாள் அக்கா. “நான் வேலைக்குச் சேர்ந்து ஒம்பது நாள்தான் ஆச்சு. எந்தக் குழாய் எதுன்னுகூட சரியாத் தெரியாது. வெளித்துணி போட்டது தெரிஞ்சா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாங்க. உன்கிட்ட சொன்னா...”

“சொன்னா என்ன?”

ஆறு பேரும் என்னையே பார்த்தார்கள். என்ன என்று எனக்கே தெரியும். என் காதில் விழுவதும் ஊர் காதில் விழுவதும் ஒன்றுதான்.

கோபம் வரத்தான் செய்தது. ஒரு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, முப்பத்து நாலு வருஷம் என் எதிரிலேயே சாப்பிட்டிருக்கிறாள்! ஆனால் அந்த ஸ்வெட்டரைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்திருக்கிறாள். அதற்கு அப்புறம் ஒரு போர்வையைக்கூட அவள் சுருங்க விடாததற்குக் காரணம் கையளவாக என் கையில் இருந்தது. நான் அதை மேசையில் வைத்தேன்.

கணக்கு உடனே பிடிபட்டது. மெஷினில் போட்ட அளவுக்கு இது சுருங்காது, மூன்றில் ஒரு பங்குதான் போகும்; அதனால் ஒன்றரை மடங்கு நீளம், ஒன்றரை மடங்கு அகலம். மேசை போதாது, கூடத்துத் தரையில்தான் விரிக்க வேண்டும். பிய்ந்ததைக் காயவைத்து, வாரி, இன்னும் இரண்டு மூட்டை சேர்க்க வேண்டும். நனைந்த உருளை ஆள் கனம் இருக்கும். ஆறு பேரும் அறுபதைத் தொட்டவர்கள்.

“தோள்ல பலம் உள்ள ஆள் வேணும்” என்றாள் அக்கா. “நம்ம தெருவுல ஒருத்தங்கதான் இருக்காங்க. ரொட்டிக் கடையில நாப்பது வருஷம் மாவு பிசஞ்ச தோளு. நான் கூப்பிட்டுப் பார்த்துட்டேன். வாசல்ல நோட்டோட உக்காந்திருக்கவ எழுந்து வந்து கூப்பிட்டா வரேன்னாங்க.”

எங்கள் வாசலிலிருந்து எதிர்வீட்டுக்குப் பத்து அடி தூரம்தான். அன்றைக்கு அது பத்து மைலாக நீண்டது. கதவைத் தட்டினேன். ரொட்டிக்காரம்மா கதவைத் திறந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“ஸ்வெட்டர் கெடச்சிருச்சு” என்றேன். அதற்கு மேல் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

“எவ்வளவு இருக்கு இப்ப? அதே அளவுதானா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எப்படித் தெரியும்னா? அன்னிக்கு உங்கக்கா அத டிபன் பாக்ஸ்ல வச்சு எடுத்துட்டு வந்து எங்க பின்வாசல்ல நின்னு அழுதா. நானும் அவளுமா ஆளுக்கொரு கையப் புடிச்சு இழுத்தோம். ஒரு விரல்கூட நீளல. என் தோளுதான் வலிச்சுது.”

“அப்ப நான் திட்டினப்ப...”

“சொல்லியிருக்கலாம். நீ அந்தத் தெருமுனைவரைக்கும் கேக்கற மாதிரி கத்துவ. அவ வேல போயிருக்கும். உனக்கும் அன்னிக்கு வேல ஒரு வாரம்தான். வீட்டுல சம்பாதிக்கிறது நீங்க ரெண்டு பேர். போனாப் போகுது, ஒரு பேருதானேன்னு விட்டேன்.” கட்டிய கையை அவிழ்த்தாள். “ஒரு வருஷம் கத்துவ, அப்புறம் ஓஞ்சிருவன்னு நெனச்சேன். அதுலதான் ஏமாந்துட்டேன்.”

எனக்கு வாயடைத்துப் போனது. இது எங்கள் தெருவில் பலர் பார்க்க ஆசைப்பட்ட காட்சி; பார்க்க யாரும் இல்லை. “என்ன மன்னிச்சிருங்க” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“இப்படி முணுமுணுத்தா எப்படி? திட்டினது இந்தக் குரல்லயா?”

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. தெரு நடுவில், அன்றைக்கு நின்ற அதே இடத்தில் போய் நின்றேன். “எல்லாரும் கேட்டுக்குங்க! ரொட்டிக்காரம்மா என் ஸ்வெட்டர எடுக்கல! எடுக்கவே இல்ல! நான்தான் புத்தி கெட்டுப்போய்ச் சொன்னேன்!” என்று கத்தினேன். ஜன்னல்கள் திறந்தன. செருப்புத் தைப்பவர் ஊசியோடு வெளியே வந்தார். அக்காவின் பெயரை மட்டும் சொல்லவில்லை. ரகசியம் ஒன்றைக் காப்பாற்றியது எனக்கு அதுதான் முதல் தடவை. திரும்பிப் பார்த்தால் ரொட்டிக்காரம்மா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பட்டறைப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள்.

அப்புறம் நடந்தது வேலை. கை பொறுக்கும் மட்டும் சூடாக வெந்நீர். வேலை தொடங்கும் முன்பே அந்தப் பச்சைத்தண்ணீர்க் குழாயைச் சாக்குக் கயிற்றால் கட்டிப் போட்டேன். கூடத்துத் தரையில் விரித்து, வலை போர்த்தி, சோப்புக்கூழ் விட்டுத் தேய்த்து, குழாயில் சுருட்டி, ஏழு பேரும் வரிசையாக நின்று காலால் உருட்டினார்கள். நான் எண்ணினேன், அதுவும் தெருமுனைவரைக்கும். ஐந்நூறுக்கு ஒரு தடவை பிரித்து, திசை மாற்றிச் சுருட்டினார்கள். தடவிக் கொடுக்கிறவளைக் கண்டால் ரொட்டிக்காரம்மா, “மாவா நெனச்சுக் குத்து, புள்ளையா நெனைக்காத” என்பாள். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். இரண்டாம் நாள் மத்தியானம் விரிப்பு ஓரத்தில் சுருங்க ஆரம்பித்தது. அக்கா முட்டிபோட்டு உட்கார்ந்து நடுவில் கிள்ளித் தூக்கினாள். ஒரு மயிர் தனியாக வரவில்லை. விரிப்பு முழுதும் சேர்ந்து எழுந்தது. “சுருங்கிருச்சுடி!” என்று கத்தினாள். அந்த வார்த்தையை அவள் சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஈரக்கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. மறைக்க நான் ஒன்றும் முயற்சி செய்யவில்லை.

ஆண்டு விழா அன்று செயலாளர் ஷூவைக் கழற்றிவிட்டு நூலக அறை விரிப்பின்மேல் ஏறினார். ஒரு சுற்று நடந்தார். குனிந்து கிள்ளிப் பார்த்தார். பிள்ளைகள் அவர் காலைச் சுற்றிப் படுத்து உருள ஆரம்பித்தார்கள். “அப்ப நாற்காலிய எங்கதான் வைக்கிறது?” என்று பரிதாபமாகக் கேட்டார்.

“உங்க ஆபீஸ் பெருசாத்தானே இருக்கு?” என்றாள் ரொட்டிக்காரம்மா.

இப்போது நாற்காலிகள் அங்கேதான் இருக்கின்றன. அவர் பக்கவாட்டில் நுழைந்துதான் தன் மேசைக்குப் போகிறார்.

அன்று ரொட்டிக்காரம்மா ஒரு சால்வை போர்த்திக்கொண்டு வந்திருந்தாள். மாதுளை நிறம். மடிப்புத் தடம் கோடு கோடாக இருந்தது. பூச்சி உருண்டை வாசனை அடித்தது. வீட்டுக்காரர் வாங்கித் தந்ததாம். அவர் இருந்தவரைக்கும், ‘ஏன் போடமாட்டேங்கற?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். ஒரே ஒரு நாள்தான் போட்டிருக்கிறாள். அது எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. “இந்த நெறம் உங்களுக்கு ரொம்ப நல்லாருக்கு” என்று மட்டும் சொன்னேன், பக்கத்து அறைக்கும் கேட்கும்படி.

விழா முடிந்து பட்டறையில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். சின்ன ஸ்வெட்டரைச் சுவரில் ஆணியடித்து மாட்டிக்கொண்டிருந்தாள் அக்கா. அதைப் பார்த்து எல்லோரும் சிரித்த சிரிப்பில் டீ தளும்பி ரொட்டிக்காரம்மாவின் சால்வைமேல் கொட்டியது. அவள் அதை உருவி, பக்கத்திலிருந்த வெந்நீர் வாளிக்குள் முக்கப் போனாள்.

“பச்சத்தண்ணி! பச்சத்தண்ணி!” என்று அக்காவும் நானும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

நான் ஓடிப்போய்க் குழாயில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தேன். அக்கா சால்வையை வாங்கி, கசக்காமல், முறுக்காமல், தானே அலசி, மேசைமேல் படுக்கப்போட்டுக் காயவைத்தாள். ஒரு விரற்கடை சுருங்கவில்லை.